மாயக்காள் வளர்த்த நகம்

மாயக்காளுக்குக் கட்டைவிரல் நகம் இரண்டும் எந்த வருசம் போனது என்று கேட்டால் அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. மகள் பாண்டியம்மாளுக்குக் காது குத்தும்போது பாதி இருந்தது, அவள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றபோது சுத்தமாக இல்லை என்பாள். அதற்கு மேல் துருவினால், போனதைப் பற்றி இப்ப என்ன பேச்சு என்று எரிந்து விழுவாள். விடிவதற்கு முன்னால் எழுந்து, நாள் முழுக்க நின்றே வேலை பார்த்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு வீடு வந்து சேர்கிறவளிடம் போய் நகத்தைப் பற்றிக் கேட்டால் வேறென்ன பதில் வரும்?

சின்னமனூரில் இது ஒரு அதிசயமும் இல்லை. ஊரைச் சுற்றி வெற்றிலைக் கொடிக்கால். அகத்தி மரத்தில் ஏறின கொடியிலிருந்து இலையைக் காம்போடு கிள்ளி எடுக்க வேண்டும். கொடி நோகக் கூடாது, காம்பு கிழியக் கூடாது. ஒரு காலைக்குள் ஆயிரக்கணக்கில் கிள்ளுகிற வேலைக்கு மனுச நகம் எந்த மூலைக்கு? அதனால் மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, கட்டைவிரல் அளவுக்கு வளைத்து, முனையைத் தீட்டிக் கொடுப்பார்கள். இரண்டு கட்டைவிரலிலும் அந்தத் தகர நகத்தை மாட்டிக்கொண்டு பாத்திக்குள் இறங்கிவிட வேண்டியதுதான். தேவாரத்திலிருந்து பதினெட்டு வயதில் சுருளியாண்டிக்கு வாக்கப்பட்டு வந்த மாயக்காள், கழுத்து மஞ்சள் காயாமல் மூன்றாம் நாளே தகரத்தை மாட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை கொடிக்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற ஆள். பெண்டாட்டி வீட்டில் உட்கார்ந்து தின்ன அங்கே என்ன கொட்டிக் கிடந்தது?

தகரத்துக்கு அடியில் தண்ணீர் போகும், இலைச்சாறு போகும், வேர்வை போகும். எதுவும் வெளியே வராது. முதலில் நகம் வெளுத்தது. அப்புறம் மஞ்சளித்தது. அப்புறம் கறுத்து, ஊறின சுவர் மாதிரி உதிர ஆரம்பித்தது. மற்ற பெண்கள் மத்தியானம் தகரத்தைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வார்கள். மாயக்காளுக்கு அது முடியவில்லை. நகம் போன இடத்தில் ஒரு உப்புக்கல் பட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அதனால் வீட்டிலும் மாட்டியபடியே இருந்தாள். அதோடுதான் உலை வைத்தாள், அதோடுதான் குளித்தாள். பூண்டு உரிக்கவோ கீழே விழுந்த ஊசியை எடுக்கவோ மகளைக் கூப்பிட வேண்டும். மகள் தலையில் பேன் பார்த்து எத்தனையோ வருசமாயிற்று. தகரம் மண்டையைக் கீறிவிடும் என்று அந்தப் பிள்ளை சின்ன வயதிலேயே தலையைக் கொடுக்காமல் ஓடும்.

இப்படியே போயிருந்தால் போயிருக்கும். எழுபத்தாறாம் வருசம் ஆனி மாதம் பாண்டியம்மாளைப் பார்க்க ஆண்டிபட்டிப் பக்கத்திலிருந்து ஆள் வந்தது. பையன் பெயர் கோட்டைச்சாமி. தேனியில் ஒரு லாரி ஒர்க் ஷாப்பில் வேலை, குடி கிடையாது, ஒரே பிள்ளை. அம்மா மொக்கம்மாள், புருசன் இல்லாமல் மானாவாரிக் காட்டில் ஒண்டியாகப் பாடுபட்டுப் பிள்ளையை ஆளாக்கினவள். இதைவிட நல்ல இடம் நமக்கு எங்கே கிடைக்கப் போகிறது என்று மாயக்காள் ஒரு வாரமாகத் தூங்கவில்லை.

வருகிற அன்றைக்குக் காலையில்தான் பாண்டியம்மாள் அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"அந்தத் தகரத்தக் கழட்டி வையி ஆத்தா. அவுக முன்னால அது என்னத்துக்கு, அசிங்கமா."

மாயக்காளுக்கும் சரி என்றுதான் பட்டது. கழற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். பெண்ணைப் பார்த்தார்கள், பிடித்தது. பேச்செல்லாம் நல்லபடியாக முடிந்தது. கடைசியாக வெற்றிலைத் தட்டைப் பெண்ணின் அம்மா எடுத்துப் பையனின் அம்மா கையில் கொடுத்தால் காரியம் உறுதி. தட்டை இரண்டு கையாலும் ஏந்தினால் கட்டைவிரல் இரண்டும் மேலேதான் இருக்கும். மறைக்க வழியே கிடையாது. மொக்கம்மாள் வாங்குவதற்குக் கையை நீட்டினவள், அந்த இரண்டு விரலையும் பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

கறுத்து, குழி விழுந்து, ஓரம் தின்றுபோன இரண்டு விரல். மொக்கம்மாளின் கூடப்பிறந்த தம்பிக்கு அப்படித்தான் விரலில் ஆரம்பித்ததாம். பெரிய வியாதி, குஷ்டம் என்று அவனை ஊருக்கு வெளியே குடிசை போட்டு வைத்து, இவள்தான் ஆறு வருசம் சோற்றுச் சட்டியைக் கொண்டுபோய்த் தூர வைத்துவிட்டு வந்தவள். அவளைக் குற்றம் சொல்லியும் பிரயோசனமில்லை. கொடிக்கால் வேலை, அதனால் இப்படி என்று மாயக்காள் ஏதோ தட்டுத்தடுமாறிச் சொன்னாள். மொக்கம்மாளுக்கு அது ஏறவே இல்லை. முப்பது வருசமாக நாளைக்கு ஒரு கட்டு வெற்றிலை போடுகிறவள் அவள். அந்த வறண்ட பக்கத்தில் வெற்றிலை என்றால் கடையில் ஈரத்துணிக்குள் இருக்கிற பொருள். அதன் காம்பை அவளும்தான் தினமும் கிள்ளிப் போடுகிறாள், அவளுக்கு நகம் போகவில்லையே.

"தட்டு இருக்கட்டும் மதினி," என்றாள் மொக்கம்மாள். "தை பெறக்கட்டும். ஒங்க கை சொகமாகட்டும். நானே வந்து வாங்கிக்கிறேன்."

அரிசிப் பானைக்குப் பின்னால் கிடந்த தகரத்தை எடுத்துக் காட்டியிருந்தால் தீர்ந்தது என்று இன்றைக்கு யார் வேண்டுமானாலும் சொல்லலாம். வீட்டுக்கு வந்த சம்பந்தி தட்டை வாங்காமல் எழுந்திருக்கும்போது அதெல்லாம் யாருக்கு ஞாபகம் வரும்? அவர்கள் பஸ் ஏறின பிறகுதான் தாய்க்கும் மகளுக்கும் அது உறைத்தது. பாண்டியம்மாள் அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டு, நான்தானே கழட்டச் சொன்னேன் என்று அழுதாள். மாயக்காளுக்கு அழவும் தெம்பில்லை.

மறுநாள் கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே நர்ஸம்மா ஜெபராணி, மாயக்காளின் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சாலும் ஊசியாலும் விரலை மாற்றி மாற்றித் தொட்டு, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டார். தெரியாமலா? ஊசி பட்டதும் மாயக்காள் துள்ளி எழுந்தாள். வியாதியும் இல்லை, ஒன்றும் இல்லை, தகரமும் ஈரமும் பண்ணின வேலை என்று நர்ஸம்மா சொல்லிவிட்டார். தகரத்தைத் தொடாமல், தண்ணீரில் ஊறவிடாமல், தேங்காயெண்ணெய் தடவிக் காயப்போட்டால் ஆறு மாதத்தில் புது நகம் முழுசாக வந்துவிடும். வேண்டுமானால் டாக்டரிடம் சொல்லி ஒரு சீட்டு எழுதி வாங்கித் தரவா என்றும் கேட்டார். மாயக்காள் வேண்டாம் என்றாள். வியாதி இல்லை என்று சீட்டு வாங்கிக்கொண்டு ஒருத்தி சம்பந்தி வீட்டுக்குப் போனால், இருக்கப்போய்த்தானே வாங்கினாள் என்று ஊர் பேசும். சீட்டு வேண்டாம், நகம்தான் வேண்டும்.

ஆறு மாதம். சொல்லிவிடலாம். கொடிக்கால்காரர் சின்னச்சாமி மோசமான ஆள் இல்லை, ஆனால் இலை யாருக்காகவும் காத்திருக்காது. மாயக்காளின் பாத்திக்கு ஆள் வராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன், அப்புறம் என்னைக் கேட்கக் கூடாது என்று நேராகவே சொல்லிவிட்டார். இருபது வருசம் நின்ற பாத்தி. அதை விட்டால் மறுபடி கிடைக்காது. அப்போதுதான் பாண்டியம்மாள், ஆத்தா பாத்தியில் நான் நிற்கிறேன் என்றாள். மாயக்காள் ஒரே பிடியாக மாட்டேன் என்றாள். கல்யாணப் பெண் கையில் தகரமா? மகள் விடவில்லை. அடியில் துணி சுற்றிக்கொள்கிறேன், மத்தியானமே கழற்றிவிடுகிறேன், ஆறு மாதத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று சுருளியாண்டி தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினாள். அந்த மனுசனும் பாவம், இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து யாருக்கும் தலையாட்டாமல் பீடியைப் பற்ற வைத்தார். கடைசியில் மாயக்காள் தோற்றுப்போனாள்.

ஆடி மாதம் முழுக்க ஒன்றும் தெரியவில்லை. தோலும் ரணமுமாகத்தான் இருந்தது. ஈரம் ஆகாது என்பதால் நடவுக்குப் போக முடியாது. எருக்கூடை சுமக்கப் போனாள். தலையில் பாரம், கையில் சுற்றின துணி, பாதிக் கூலி. வீட்டில் பாத்திரம் கழுவும் வேலை சுருளியாண்டிக்கு வந்தது. அக்கம்பக்கத்து ஆள் பார்த்துவிடக் கூடாது என்று கொல்லையில் வாழைமரத்து மறைவில் உட்கார்ந்து கழுவுவார். பார்க்காமல் இருப்பார்களா? பார்த்துச் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டுக் கழுவினார்.

ஆவணியில் அடியில் பிறை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. மாயக்காள் அதை வெயிலில் காட்டிக் காட்டிப் பார்த்தாள். புரட்டாசியில் கடுகு அகலம். அந்த மாதம்தான் கிணற்றுக் கயிறு சிக்கி வலது கையில் வந்த நகம் பாதியில் பிய்ந்துகொண்டது. அன்றைக்கு வாய்க்கு வந்தபடி திட்டினாள். கயிற்றை, கிணற்றை, ஆண்டிபட்டியை, தன்னைத் தேவாரத்திலிருந்து இங்கே கட்டிக் கொடுத்த அப்பனை, ஒருத்தரையும் பாக்கி வைக்கவில்லை. திட்டி முடித்துவிட்டுத் திரும்ப எண்ணெய் தடவினாள். ஐப்பசி மழையில் விரலை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு நடந்தாள். பெற்ற பிள்ளையைக்கூட இப்படிப் பொத்தி வளர்த்ததில்லை. அலுத்துப்போயிற்று அவளுக்கு. ஒரு நகத்துக்காக மனுசி இவ்வளவு பாடு படுவாளா என்று எருக்கூடையை இறக்கி வைக்கும்போதெல்லாம் தோன்றும். ஆனாலும் கார்த்திகையில் நகம் விரல் நுனியைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தது.

இதற்கு நடுவில் பாண்டியம்மாளுக்கு மருதாணிப் பைத்தியம் பிடித்தது. முதல் மாதம் மாயக்காள் தினமும் சாயங்காலம் மகளின் கையை வாங்கிப் பார்த்தாள். நகம் நன்றாக இருந்தது. அப்புறம் பார்ப்பதை விட்டுவிட்டாள். வாரம் தவறாமல் அந்தப் பெண் மருதாணி அரைத்து விரல் விரலாகத் தொப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கல்யாண ஆசை, வைத்துக்கொள்ளட்டும் என்று மாயக்காள் இருந்துவிட்டாள். அவள் கண்ணெல்லாம் தன் விரல் மேலேயே இருந்தது.

மார்கழி போய்த் தை பிறந்தது. நான்காம் நாள் வருவதாக மொக்கம்மாள் சொல்லி அனுப்பியிருந்தாள். மூன்றாம் நாள் மத்தியானம், நகம் இரண்டும் முழுசாக வந்த சந்தோசத்தில், மாயக்காள் தானே மருதாணி பறித்து அரைத்தாள். எத்தனையோ வருசத்துக்குப் பிறகு தனக்கு இரண்டு விரலில் வைக்கலாம், மகளுக்குப் பத்து விரலிலும் வைக்கலாம் என்று நினைத்தாள். கொண்டா கையை என்று மகளின் விரலைப் பிடித்து, புது நகத்தால் மருதாணியை எடுத்து அப்பினாள். கட்டைவிரலில் வைத்ததும் பாண்டியம்மாள் "ஆத்தா" என்று கத்திக் கையை உருவிக்கொண்டாள்.

மாயக்காள் அந்தக் கையைத் திரும்ப இழுத்து, முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். சிவப்புச் சாயத்துக்குக் கீழே கறுப்பு. நகம் ஓரத்தில் தூக்கிக்கொண்டு, அடியில் ஈரமாக இருந்தது. இன்னொரு விரலும் அப்படித்தான்.

துணி சுற்றினால் பிடி வழுக்கி, காம்பு கிழிந்ததாம். சின்னச்சாமி இரண்டு தரம் சத்தம் போட்டாராம். அதனால் இரண்டாம் மாதமே துணியை எடுத்துவிட்டாளாம். மத்தியானம் கழற்றினால் எரிச்சல் தாங்காமல், வீட்டு வாசல் வரைக்கும் மாட்டிக்கொண்டே வந்து அங்கே கழற்றி மடியில் கட்டிக்கொள்வாளாம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, நாளைக்குக் கொஞ்சம் கூடுதலாக மருதாணி வைத்துக்கொள்கிறேன், யாருக்கும் தெரியாது என்றாள் பாண்டியம்மாள்.

மாயக்காள் மருதாணிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். தன் விரலைப் பார்த்தாள், மகள் விரலைப் பார்த்தாள். அடித்து நொறுக்கலாம் போல ஆத்திரம் வந்தது, யாரை அடிக்க என்றுதான் தெரியவில்லை. ஏழு மாதம் எண்ணெய் தடவி வளர்த்தோமே, அதற்குப் பதிலாக இவள் கையில் இருந்ததை அல்லவா கொடுத்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மறுநாள் காலை மொக்கம்மாள் வந்தாள். கோட்டைச்சாமியும் கூட வந்து வாசலில் நின்றுகொண்டான். மொக்கம்மாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் மாயக்காளின் இரண்டு கையையும் வாங்கி, வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்தாள். நகத்தை அழுத்திப் பார்த்தாள். அழுத்தின இடம் வெளுத்துத் திரும்பச் சிவந்தது. அவளுக்கு அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது. இந்த ஏழு மாதமும் நானும்தான் நிம்மதியாகச் சாப்பிடவில்லை, தட்டைக் கொண்டாங்க மதினி என்றாள்.

மாயக்காள் உள்ளே போனாள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பூ எல்லாம் அடுக்கின தட்டு தயாராக இருந்தது. அதை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டால் முடிந்தது. பாண்டியம்மாள் பத்து விரலும் செக்கச்செவேல் என்று மூலையில் நின்றிருந்தாள். கண்ணாலேயே அவள் கெஞ்சினாள். ஆனால் மருதாணி எத்தனை நாளைக்கு? கல்யாணம் முடிந்து இருபது நாளில் வெளுத்துப்போகும். அங்கே போய்ப் புதுப்பெண் கையில் மாமியார் இதைப் பார்த்தால், தாயிடமிருந்து மகளுக்கு வந்துவிட்டது என்றுதான் முடிவு கட்டுவாள். அப்புறம் பஸ்ஸில் ஏற்றி இங்கேயே அனுப்பிவிடுவாள். மாயக்காள், மகள் கழற்றிப் போட்டிருந்த வேலைச் சேலையின் மடி முடிச்சை அவிழ்த்துத் தகர நகம் இரண்டையும் எடுத்தாள். வெற்றிலைக்கு மேலே அதை வைத்து, தட்டை ஒரு கையிலும் மகளை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"போன தடவ இதக் கழட்டி வச்சுட்டு ஒங்க முன்னால வந்தது என் தப்பு மதினி," என்றாள். "இதத்தான் நான் இருவது வருசமா மாட்டியிருந்தேன். எனக்கு நகம் வளரணும்னு இந்த ஏழு மாசம் இவ மாட்டுனா. இவ கையப் பாருங்க. பாத்துட்டு என் கையவும் பாருங்க. எனக்கு வந்த மாதிரி இவளுக்கும் புது நகம் வரும். இதுக்கு மேல என்னால மறைக்கவும் முடியல, வளக்கவும் முடியல. வேணும்னா தட்ட எடுத்துக்கங்க. வேண்டாம்னா பஸ்ஸுக்கு நேரமாச்சு."

மொக்கம்மாள் பெண்ணின் கட்டைவிரலைப் பார்த்தாள். முகம் மாறத்தான் செய்தது. பிறகு தட்டிலிருந்து ஒரு தகரத்தை எடுத்துத் தன் விரலில் மாட்டினாள். வெற்றிலை ஒன்றை எடுத்து அதன் காம்பைக் கிள்ளிப் பார்த்தாள். சுத்தமாக வெட்டி விழுந்தது. அடியில் பிசுபிசுத்ததோ என்னவோ, உடனே கழற்றி, விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருசமாக இப்படிக் கிள்ளினதையா நான் வாயில் போட்டுக்கொண்டிருந்தேன் என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். வாசலில் நின்ற மகனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, என்ன செய்யணுமோ செய்யுங்க ஆத்தா, ஆனா அந்தப் புள்ளையவே பேசி முடிங்க என்றான். அதுவரைக்கும் அந்த வீட்டில் அவன் வாயைத் திறந்ததே இல்லை.

மொக்கம்மாள் தட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"எங்க பக்கம் கொடிக்கால் கெடையாது மதினி. வெறுங்காடுதான். அங்கன வந்து வளரட்டும்."

மாயக்காள் அப்போதுதான் அழுதாள். ஏழு மாதம் வராத அழுகையெல்லாம் வந்தது. சுருளியாண்டி வாழைமரத்தடியில் இருந்து, கையில் பாதி கழுவின செம்போடு ஓடி வந்து என்ன ஏது என்று கேட்டார்.

தை இருபத்தைந்தாம் தேதி கல்யாணம் முடிந்தது. பெண்ணை ஆண்டிபட்டிப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு, மூன்றாம் நாள் திரும்பி வந்தார்கள். பாத்தி காலியாகக் கிடக்கிறது, நாளைக்கு வரவில்லை என்றால் ஆள் மாற்றிவிடுவேன் என்று சின்னச்சாமி சொல்லி அனுப்பியிருந்தார்.

அன்றைக்குத் தட்டிலிருந்து எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் போட்டிருந்த தகரத்தை விடிகாலையில் மாயக்காள் எடுத்தாள். ஏறவில்லை. மகள் விரலுக்கு இறுக்கி வளைத்த தகரம். அதை விரித்துப் பார்த்தாள், அப்போதும் புது நகம் இடித்தது. புருசனின் சவர பிளேடை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் போய் உட்கார்ந்தாள். சுருளியாண்டி எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். அவருக்கு மனசு கேட்கவில்லை. இன்னும் ரெண்டு நாளைக்கு இருந்துட்டுப் போகட்டுமே, இவ்வளவு பாடுபட்டு வளத்தது என்றார்.

"வச்சு என்ன செய்ய," என்றாள் மாயக்காள். "பாக்க வந்தவுக பாத்துட்டுப் போயிட்டாக."

நகத்தை ஒட்ட வெட்டி, தகரத்தை மாட்டிப் பல்லால் கடித்து இறுக்கிக்கொண்டு, கூடையை எடுத்து இடுப்பில் வைத்தாள். வாய்க்காலைத் தாண்டும்போது கொடிக்காலில் மற்ற பெண்கள் ஏற்கெனவே கிள்ள ஆரம்பித்திருந்தார்கள்.